எபிசோட் 37: 4,41,000 கிலோமீட்டர் ஓடின குவாலிஸை இன்னும் ஏன் வெச்சிருக்கோம்?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் கோடிங்குக்கும் அப்ரைசல் புலம்பலுக்கும் லீவு. வண்டி பத்திப் பேசப்போறோம். காரணம், திருப்பூர்ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். "ப்ரோ, 2007 மாடல் இண்டிகோ மரீனா டீசல் ஒண்ணு விலைக்கு வருது. 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. வீட்ல எல்லாரும், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குன்னு கேக்கறாங்க. வாங்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் தகுதியான ஆள்தான். எங்க வீட்டு வண்டி 2003 நவம்பர்ல எடுத்த குவாலிஸ். நேத்து ராத்திரி மீட்டரைப் பார்த்தேன், 4,41,216. அதனால மரீனா பத்திச் சொல்றதுக்கு முன்னாடி, எங்க வண்டி இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சுன்னு சொல்றேன். அதுல உங்க பதிலும் இருக்கு.

மரீனா ஒரு எஸ்டேட் கார். நம்ம ஊர்ல எஸ்டேட்னா வால்பாறைதான் ஞாபகம் வரும், அதனால ஒரு சின்ன விளக்கம். செடான் காரோட கூரையைக் கடைசி வரைக்கும் இழுத்து, டிக்கியையும் உள்ளுக்குள்ள சேர்த்துட்டா அது எஸ்டேட். ஐரோப்பாவுல நாய், குழந்தை, சைக்கிள், மரச் சாமான் எல்லாத்தையும் அதுலதான் ஏத்திட்டுப் போவாங்க. பழைய டீசல் எஸ்டேட்டை மூணு லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டறது அங்க ஒரு தனி வைராக்கியம். இந்தியாவுல டாடா 1992-ல 'எஸ்டேட்'னே பேர் வெச்சு ஒண்ணு விட்டாங்க. 2004-ல இண்டிகோ மரீனா. ஸ்கோடா ஆக்டேவியா காம்பியும் கொஞ்ச நாள் இருந்துச்சு. எதுவும் பெருசா எடுபடல. நம்ம ஆளுங்களுக்கு டிக்கி தனியா நீட்டிட்டு இருந்தாத்தான் அது கார். இல்லைன்னா "என்னங்க, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குது"ம்பாங்க.

ஆனா எஸ்டேட் செய்யற வேலை நம்ம ஊருக்குத் தேவைப்படாம இல்ல. அந்த வேலையைக் கொங்கு நாட்டுல குவாலிஸ் செஞ்சுது. எங்க அப்பாவுக்கு நூல் கமிஷன் வியாபாரம். சோமனூர், பல்லடம், ஈரோடு, கரூர், சேலம்னு வாரத்துல நாலு நாள் ரோட்லதான். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பின்னாடி சீட்டை மடிச்சுட்டு நூல் கோன் பெட்டி. ஞாயித்துக்கிழமை அதே இடத்துல எதிரும் புதிருமா பெரியம்மா பசங்க ஆறு பேர், பழனிக்குப் போவோம். கல்யாணம், காதுகுத்து, சீர் எதுன்னாலும் ஒறம்பரைக்கெல்லாம் எங்க வண்டிதான்.

குவாலிஸோட பூர்வீகம் இந்தோனேசியா. அங்க அதுக்குப் பேர் கிஜாங், அதாவது கேளையாடு மாதிரி ஒரு மான். 'இந்தோனேசியா ஜப்பான் கூட்டு முயற்சி'ங்கறதை அவங்க மொழியில சுருக்கினாலும் அதே பேர்தான் வரும். இங்க டொயோட்டா 2000 ஜனவரியில கொண்டு வந்தாங்க, 2005-ல இன்னோவா வந்ததும் நிறுத்திட்டாங்க. வித்துட்டு இருக்கும்போதே நிறுத்தினாங்க, அதுல எங்க அப்பாவுக்கு இன்னும் வருத்தம். எஞ்சின் 2,446 சி.சி., 75 குதிரைத் திறன், டர்போ கிடையாது. பின்னாடி லீஃப் ஸ்பிரிங். இன்னைக்கு இருக்கற ஒரு சின்ன ஹேட்ச்பேக் பாலத்து மேல இதை ஈஸியா ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிடும். போகட்டும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பழைய வண்டின்னா எல்லாரும் முதல்ல கேக்கறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னுதான். அந்த நம்பரை எவ்வளவு நம்பலாம்னு முதல்ல பார்ப்போம். மீட்டர் செய்யறதுல நம்ம கோயம்புத்தூர் கில்லாடி, பெரியநாயக்கன்பாளையத்து பிரிக்கால் 1970-கள்ல இருந்து அதைத்தான் செய்யறாங்க. மீட்டரைப் பின்னாடி சுத்தறதுலயும் ஆள் இருக்காங்க, அவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. கேபிள் மீட்டர்னா ஸ்க்ரூடிரைவர், டிஜிட்டல் மீட்டர்னா லேப்டாப். அதனால நான் மீட்டரை விட கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட்டோட வலது ஓரம் இந்த மூணையும்தான் பார்ப்பேன். 80,000-ம்னு மீட்டர் சொல்லும், பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு போயிருக்கும்.

சரி, நம்பர் உண்மைன்னே வெச்சுக்கலாம். அப்பவும் அது பாதிக் கதைதான். எங்க வேலையில 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்லுவாங்க. ஒரு ப்ராஜெக்ட்ல எத்தனை பேர் மேல பஸ் ஏறிட்டா அந்த ப்ராஜெக்ட் நின்னு போகும், அந்த எண்ணிக்கை. ஒரே ஒருத்தருக்குத்தான் அந்த கோட் புரியும்னா பஸ் ஃபேக்டர் ஒண்ணு. அவர் ரிசைன் பண்ணினா முடிஞ்சுது. பழைய வண்டியோட ஆயுசும் அதே கணக்குதான்ங்கறது என் அபிப்பிராயம். உங்க வீட்ல இருந்து 30 கிலோமீட்டருக்குள்ள அந்த வண்டியோட ஒவ்வொரு பாகத்தையும் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் எத்தனை பேர் இருக்காங்க? அந்த எண்ணிக்கை எப்ப பூஜ்யம் ஆகுதோ, அன்னைக்கு வண்டி செத்துப்போச்சு. 1,00,000 ஓடியிருந்தாலும் சரி, 4,00,000 ஓடியிருந்தாலும் சரி.

இந்தக் கணக்குல கொங்கு நாடு அதிர்ஷ்டசாலி. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி. திருச்செங்கோடு போர்வெல் வண்டி. கரூர்ல பஸ் பாடி கட்டறாங்க. கோயம்புத்தூருக்குள்ள ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடுன்னு மோட்டார், பம்ப், ஃபவுண்டரி, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஜி.டி. நாயுடு 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்து, வண்டி நின்னா நாமளே பிரிச்சுப் பார்க்கறதுங்கறது இங்க ஊறிப்போன பழக்கம். போர்வெல் வண்டி ஒரிசாவுல, மத்தியப் பிரதேசத்துல போய் மாசக்கணக்குல ஓடும். அதோட டீசல் எஞ்சினுக்கு வேலை பார்த்த கைக்கு குவாலிஸ் எஞ்சின் ஒரு விளையாட்டுச் சாமான்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்குக் கடல் காத்து கிடையாது. சென்னையில இருக்கற என் சித்தப்பாவோட பழைய டீசல் வண்டி எஞ்சின் நல்லா இருக்கும்போதே கீழ்த் தகடு துரு புடிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. எங்க குவாலிஸுக்கு 22 வருஷத்துல ரெண்டு வாட்டிதான் டிங்கரிங் வேலை பார்த்திருக்கோம்.

எங்க அப்பா நோட்டைப் பத்திச் சொல்லணும். வண்டி எடுத்த நாள்ல இருந்து நீள சைஸ் கணக்கு நோட்டுல எழுதறாரு. தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், எந்த பங்க், என்ன வேலை, யார் பார்த்தது, எவ்வளவு ஆச்சு. இது மூணாவது நோட்டு. நான் காலேஜ்ல டேட்டாபேஸ் படிச்சுட்டு வந்து இதை ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்தினேன். அப்பத்தான் ஒண்ணு புரிஞ்சுது. மைலேஜ் 2011-ல கொஞ்சம் கொஞ்சமா குறையுது, லிட்டருக்கு 12.4, அப்புறம் 11.8, 11.1, 10.6. அப்புறம் திடீர்னு மறுபடி 12.3. அந்த இடத்துல நோட்டுல அப்பா எழுதியிருக்கறது ரெண்டே வார்த்தை, "பம்ப் பார்த்தாச்சு."

கோயம்புத்தூர்ல பம்ப் கடைன்னா தண்ணி மோட்டார் பம்ப்னு நினைச்சுக்குவீங்க. இது டீசல் பம்ப். பழைய டீசல் எஞ்சினுக்கு மூளையும் இதயமும் இது ஒண்ணுதான். டேங்க்ல இருந்து வர்ற டீசலை அளந்து, எந்த சிலிண்டருக்கு எப்ப, எத்தனை சொட்டுன்னு பிரிச்சு அழுத்தி அனுப்புறது இதோட வேலை. எல்லாமே இரும்பு, ஸ்பிரிங், பிளஞ்சர். ஒரு வரி கோட் கிடையாது. அது தேய்மானம் ஆச்சுன்னா ஒரு சிலிண்டருக்கு அதிகமா போகும், ஒண்ணுக்குக் கம்மியா போகும். புகை வரும், இழுவை குறையும், ஐடில்ல வண்டி உதறும்.

எங்களுக்கு இதைப் பார்க்கறவர் கணபதி பக்கம் ஒரு பெரியவர். அறுபது தாண்டிட்டாரு. நான் அவரை மாமான்னு கூப்பிடுவேன், அவர் என்னைக் "கண்ணு"ம்பாரு. கடைக்குள்ள ஒரு டெஸ்ட் பெஞ்ச் இருக்கு. வண்டியில இருந்து கழட்டின பம்ப்பை அதுல மாட்டி, மோட்டார் வெச்சு சுத்தவிடுவாரு. நாலு கண்ணாடிக் குழாய்ல டீசல் இறங்கும். நாலும் ஒரே அளவுல நிக்கணும். ஒண்ணு தூக்கலா இருந்தா உள்ள திறந்து சரி பண்ணி, மறுபடி சுத்தவிட்டு, மறுபடி பார்ப்பாரு. ஒரு பம்ப்புக்கு முக்கால் நாள் ஆயிடும். அதுக்கப்புறம் நாசில். கையால அமுக்கற ஒரு டெஸ்டர்ல மாட்டி லிவரை அமுக்குவாரு. நல்ல நாசில்னா 'கிர்ர்'ருன்னு ஒரு சத்தத்தோட பனி மாதிரி தூவும். கெட்டுப்போன நாசில் ஒண்ணுக்குப் போற மாதிரி ஒரே கோடா அடிக்கும், முனையில சொட்டு நிக்கும். அவர் பாதி நேரம் பார்க்கறதே இல்ல, சத்தத்துலயே சொல்லிடுவாரு.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது நிறைய. இந்த மாதிரி பம்ப்புக்குத் தனியா ஆயில் கிடையாது, உள்ள ஓடற டீசல்தான் அதுக்கு ஆயிலும். அதனால டீசல்ல தண்ணி கலந்தா பம்ப் காலி. ஃபில்டர்ல சேர்ற தண்ணியை மாசம் ஒருதரம் திறந்துவிடணும், ரெண்டு நிமிஷ வேலை, யாரும் செய்யறதில்ல. வண்டியை ஓட்டாம மூணு மாசம் நிறுத்தி வெச்சா, ஓடித் தேயறதை விட அதிகமா கெடும், உள்ள இருக்கற ரப்பர் சீல் காய்ஞ்சுடும். 2020-ல பி.எஸ்-6 டீசல் வந்தப்போ, கந்தகம் 50-ல இருந்து 10 பி.பி.எம்-க்கு இறங்கிடுச்சு, பழைய பம்ப்பெல்லாம் வழுக்கல் இல்லாம தேஞ்சுடும்னு ஒரு வாட்ஸ்அப் பீதி ஓடுச்சு. கந்தகம் எடுக்கும்போது அந்த வழுவழுப்பும் போயிடறது நிஜம். ஆனா அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து கலக்கறாங்க, அதுக்குத் தனியா அளவுகோலும் இருக்கு. எங்க பம்ப் அஞ்சு வருஷமா அதைக் குடிச்சுட்டு நல்லாத்தான் இருக்கு.

பம்ப்பைத் தவிர இந்த எஞ்சின்ல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு டைமிங் பெல்ட். செயின் இல்ல, ரப்பர் பெல்ட். எங்க வண்டிக்கு லட்சத்துக்கு ஒருவாட்டி மாத்தறோம். அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், எஞ்சின் பிரிக்கணும். ரெண்டாவது ஹெட். சூடு ஏறவிட்டா ஹெட் விரிசல் விடும், அப்புறம் செலவு அரை லட்சத்துக்குக் கம்மியா இருக்காது. இங்கதான் நம்ம ஊர்க்காரங்க சொதப்பறது. ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்துவாங்க. உப்புப் படிஞ்சு உள்ள குழாயெல்லாம் அடைச்சுக்கும். சிலர் பெருமையா "நாங்க சிறுவாணித் தண்ணிதான் ஊத்தறோம்"ம்பாங்க. சிறுவாணி குடிக்கத்தாங்க. ரேடியேட்டருக்குக் கூலண்ட் ஊத்துங்க, 500 ரூபாய்ல முடியற விஷயம்.

காசு கணக்குக்கு வரேன், எல்லாரும் அதுக்குத்தான் காத்திருப்பீங்க. கடைசி அஞ்சு வருஷத்துல, டீசலும் இன்ஷூரன்ஸும் சேர்க்காம, எங்க குவாலிஸுக்கு ஆன மொத்தச் செலவு 1,86,400 ரூபாய். இதுல நாலு டயர், கிளட்ச், ரேடியேட்டர், பெல்ட், ஒரு தடவை பம்ப் வேலை எல்லாம் அடக்கம். வருஷத்துக்கு 37,280. இதே மாதிரி ஏழெட்டு பேர் உக்கார்ற புது டீசல் வண்டிக்கு 20 லட்சம் கடன் வாங்கினா, 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம், மாசத் தவணை 41,500 பக்கம் வரும். எங்க ஒரு வருஷச் செலவு அங்க ஒரு மாசத் தவணையைத் தொடல. இன்ஷூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்தான், 1,500 சி.சி.க்கு மேல இருக்கறதால 7,897, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.

இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. அப்பாவோட நேரத்துக்கு இதுல விலை போடல. நஞ்சப்பா ரோட்ல ஸ்பேர் கடை கடையா ஏறி இறங்கறது, கிடைக்கலைன்னா உக்கடத்துல பழைய சாமான் கடைகள்ல தேடறது, பட்டறையில ஸ்டூல் போட்டு உக்கார்றது. அவருக்கு அது சந்தோஷம். சனிக்கிழமை காலையில என்னைய எழுப்பி உக்கடத்துக்குக் கூட்டிட்டுப் போனா எனக்கும் பாதி சந்தோஷம்தான். அந்த நேரம் இல்லாத ஆளுக்கு இந்த 37,000 கணக்கு செல்லாது. மெக்கானிக்கிட்ட சாவியைக் குடுத்துட்டு "பார்த்துச் செய்ங்க"ன்னு போறவங்க இதைப் போல ரெண்டு மடங்கு குடுப்பாங்க, வேலையும் அரைகுறையா நடக்கும்.

சட்டம். இதுல குழப்பம் நிறைய. "15 வருஷம் ஆனா வண்டி ஓட்டக்கூடாது"ன்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் வரும். 10 வருஷத்து டீசல் வண்டிக்குத் தடைங்கறது டெல்லி சுத்துவட்டாரத்து விஷயம். 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு, அதுக்கப்புறமும் அங்க வழக்கு ஓடிட்டேதான் இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி எஃப்.சி. வாங்கி, ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். அது அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். பசுமை வரி தனி. எங்க வண்டிக்கு 2018-ல முதல்வாட்டி புதுப்பிச்சப்போ கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அதை 5,000 ஆக்கிட்டாங்க, 2023-ல அதைக் கட்டினோம். 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. அடுத்து 2028 நவம்பர்ல எங்களுக்கு அதுதான். 600, 5,000, 10,000. வண்டியை வித்துத் தொலைன்னு கவர்மெண்ட் நேரடியா சொல்லல, ஆனா சைகை புரியுது.

அந்தச் சைகையில நியாயமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். போன வாரம் இன்ஸ்டாவுல குவாலிஸ் படம் போட்டப்போ ஒரு பொண்ணு கேட்டாங்க, "புகையைப் பத்திப் பேசுவீங்களா, இல்ல பாசத்தைப் பத்தி மட்டும்தானா?" நல்ல கேள்வி. டீசல் புகை புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லயே முதல் பிரிவுல சேர்த்துட்டாங்க. பி.எஸ்-6 டீசல் வண்டியில கரித்தூளைப் புடிக்க ஃபில்டர் இருக்கு. எங்க வண்டியில எதுவும் கிடையாது. வர்றது அப்படியே வெளிய வரும். பழைய வண்டிப் பிரியர்கள் உடனே "புது வண்டி தயாரிக்கறதுலயும் கார்பன் வருதே"ம்பாங்க. அது பூமி சூடாகற கணக்கு. அவிநாசி ரோட்டு சிக்னல்ல எனக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல நிக்கறவரோட நுரையீரலுக்கு அது பதில் ஆகாது.

நாங்க செய்யறது இவ்வளவுதான். புகை டெஸ்ட்ல பழைய டீசல் வண்டிக்கு அனுமதி 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரைக்கும். பி.எஸ்-4 வண்டிக்கு 50. எங்க வண்டி கடைசியா 41 காட்டுச்சு. பம்ப்பும் நாசிலும் சரியா இருக்கறதால வந்த நம்பர் அது. சரவணம்பட்டி ஆபீஸுக்கு நான் மின்சார ஸ்கூட்டர்ல போறேன். குவாலிஸ் இப்ப வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர் பக்கம்தான் ஓடுது. இது அந்தப் பொண்ணுக்கு முழுப் பதில் இல்ல. இருந்தாலும் உண்மை நிலவரம் இது.

இன்னொரு விஷயம் எனக்குப் புகையை விடப் பெருசு. எங்க குவாலிஸ்ல ஏர்பேக் இல்ல, ஏ.பி.எஸ். இல்ல, எதிரும் புதிருமா இருக்கற பின் சீட்ல பெல்ட் இல்ல. நாங்க ஆறு பேர் அதுல குலுங்கிட்டுப் பழனி போனது இனிமையான ஞாபகம்தான். இப்ப அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. அவனை அதுல உக்கார வெச்சு சேலம் ஹைவேயில 90-ல போகணும்னா எனக்கு மனசு வரல. இதுல எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. "உன்னைய அதுலதாண்டா வளர்த்தோம்"னாரு. "அதான்ங்கப்பா பயமா இருக்குது"ன்னேன். ஒரு வாரம் பேசல. அப்புறம் அவரே அக்காகிட்ட, "குட்டிப்பையன் வர்றப்ப மாப்பிள்ளை கார்லயே வந்துருங்க, நாங்க சாமான் ஏத்திட்டுப் பின்னாடி வர்றோம்"னு சொன்னாரு. இப்ப அதுதான் நடைமுறை. குவாலிஸ் மறுபடி சாமான் வண்டி ஆயிடுச்சு.

போன மாசம் பம்ப் கடைக்குப் போனோம். வேலை ஒண்ணும் இல்ல, ஐடில் கொஞ்சம் ஏத்தணும், அவ்வளவுதான். மாமா டீ சொல்லிட்டு சாதாரணமா சொன்னாரு, "கண்ணு, பொங்கலுக்கு மேல கடை இல்லீங்க. பெஞ்ச்சைக் குடுத்துறப்போறேன்." அவரோட பையன் பெங்களூர்ல டெஸ்டிங்ல இருக்காரு, சாஃப்ட்வேர் டெஸ்டிங். வர்ற வேலையும் குறைஞ்சு போச்சு. இப்ப வர்ற காமன் ரெயில் வண்டிக்கு வேற மெஷின் வேணும். அது 2,000 பார் வரைக்கும் அழுத்தத்துல ஓடற சமாச்சாரம், அந்த மெஷினுக்குப் போடற காசு இந்த வயசுல திரும்பி வராதுன்னாரு. கணக்குப் போட்டுப் பார்த்தா அவர் சொல்றது சரிதான்.

எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சு இந்தப் பழைய பம்ப்பை நம்பிக் குடுக்கற மாதிரி கோயம்புத்தூர்ல இனி ரெண்டு பேர், ஈரோட்டுல ஒருத்தர். நாலா இருந்தது மூணு ஆயிடுச்சு. டீயைக் குடிச்சுட்டு அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அப்ப போறதுக்கு முன்னாடி இன்னொரு பம்ப் ரெடி பண்ணிக் குடுத்துருங்க மாப்ள"ன்னாரு. அடுத்த சனிக்கிழமை உக்கடத்துல ஒரு பழைய பம்ப் தேடி வாங்கினோம். 9,000 ரூபாய். மாமா அதைப் பிரிச்சு, சீல் எல்லாம் புதுசு போட்டு, பெஞ்ச்ல ஏத்தி செட் பண்ணிட்டு இருக்காரு. நான் போய் வீடியோ எடுத்துட்டு வந்தேன். எந்த வேகத்துல எத்தனை அளவு, கவர்னர் எங்க நிக்கணும்னு அவர் சொல்லச் சொல்ல அப்பாவோட நோட்டுல எழுதினேன். எழுதி வெச்சா மட்டும் என்னால செய்ய முடியாது, அது தெரியும். ஈரோட்டுக்காரர்கிட்ட காட்டறதுக்காவது ஆகும்.

இதுல எலக்ட்ரானிக்ஸைத் திட்டணும்னு எனக்கு ஆசை இல்ல. புது வண்டியில 1,500 ரூபாய் ஸ்கேனரைச் சொருகினா எங்க கோளாறுன்னு அதுவே சொல்லுது, அது பெரிய வசதி. ஆனா அந்த கண்ட்ரோல் யூனிட்டே கெட்டுப்போயி, கம்பெனி அதை நிறுத்திட்டா, அதைத் திறந்து உள்ள சரி பண்றதுக்கு ஆவாரம்பாளையத்துல ஆள் வரணும். வரலாம். மொபைல் போனுக்கு வந்தாங்கல்ல.

சரி, திருப்பூர் தம்பி, உங்க மரீனா. நல்ல செய்தி, அதுல இருக்கறது இண்டிகா டீசல் எஞ்சினோட குடும்பம். இண்டிகா டாக்ஸியா ஓடாத ஊரே கிடையாது, அதனால எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எதுக்கும் நீங்க அலைய வேண்டாம், பார்க்கத் தெரிஞ்ச கை திருப்பூர்லயே பத்து இருக்கும். பயம் வேற இடத்துல. மரீனாவுக்கு மட்டும்னு செஞ்ச பாகங்கள். பின் கதவுக் கண்ணாடி, பின் பக்க சைடு கண்ணாடி, டெயில் லேம்ப், பின் கதவு ரப்பர் பீடிங். வித்தது கொஞ்சம் வண்டி, அதனால இதெல்லாம் உடைஞ்சா கிடைக்கறது கஷ்டம். பழைய வண்டி பெரும்பாலும் எஞ்சின் போயி சாகறதில்ல, ஒரு கண்ணாடி கிடைக்காம ஷெட்ல நின்னு சாகுது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை உக்கடம் போங்க. பின் கண்ணாடியும் ஒரு ஜோடி டெயில் லேம்ப்பும் கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சா முதல்ல அதை வாங்கி வீட்ல வெச்சுட்டு, அப்புறம் வண்டிக்கு அட்வான்ஸ் குடுங்க.

வண்டியைப் பார்க்கப் போறப்போ காலையில போங்க, ஓனர்கிட்ட முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வெக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கணும். ஹீட்டர் பிளக் விளக்கு அணைஞ்சதும் ஒரே சுத்துல புடிக்கணும். முதல்ல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா பரவால்ல. நீலப் புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது, வந்துருங்க. சூடானதும் ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து தள்ளுச்சுன்னா கம்ப்ரஷன் போச்சு. கூலண்ட் டப்பாவுல துருத் தண்ணியா, எண்ணெய் மிதக்குதான்னு பாருங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு கேளுங்க. பில்லு இல்லாம "இப்பத்தாங்க மாத்தினோம்"னா, மாத்தலைன்னு வெச்சு விலை பேசுங்க. நம்ம அப்பா மாதிரி ஒரு நோட்டைத் தூக்கி முன்னாடி வெச்சாங்கன்னா, 20,000 சேர்த்துக் குடுத்தாலும் தப்பில்ல.

வீட்ல குழந்தை இருந்து, மாசம் மூணு தடவை ஹைவேயில போகணும்னா, இதை வாங்காதீங்க. அதுல நான் மாத்திப் பேசமாட்டேன்.

ஆர்.சி. எப்ப முடியுதுன்னும் பார்த்துக்கங்க. 2007 வண்டின்னா 2022-ல ஒருவாட்டி புதுப்பிச்சிருக்கணும், அடுத்தது 2027. அப்ப அது 20 வருஷக் கணக்குல வந்துடும், அந்த 10,000-ஐ இப்பவே விலையில கழிச்சுக்கங்க. பார்த்துட்டு வந்து மெசேஜ் போடுங்க தம்பி, முக்கியமா அந்தப் பின் கண்ணாடி கிடைச்சுதான்னு.

அடுத்த வாரம் வழக்கம்போல சாஃப்ட்வேர்தான், நோட்டீஸ் பீரியடை எப்படிக் கடக்கறதுன்னு பேசலாம். பம்ப் கடை வீடியோ வேணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. மாமாகிட்ட கேட்டேன், "முகம் வேண்டாம் கண்ணு, கையை மட்டும் காட்டிக்க"ன்னாரு. எடிட் பண்ணிட்டு இருக்கேன், வந்துரும்.